பன்னிரண்டு டிஷ்ஷும் ஒரு அன்டெனாவும்

எங்கள் லயத்தில் 12 காம்பரா. கூரையில் 12 டிஷ். அதோடு, கோடியில் இருக்கிற எங்கள் காம்பராவுக்குப் பின்னால் ஒரு மூங்கிலில் மீன்முள்ளு மாதிரி ஒரு அலுமினிய அன்டெனாவும் நிற்கிறது. மூங்கிலின் இடுப்பில் கொடி கட்டி அம்மா துணி காயப்போடுவார். லயத்துப் பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் 'காக்கா ஸ்டேண்ட்'. பழைய இரும்பு வாங்குகிறவர் வரும்போதெல்லாம் அதைப் பார்த்து ஒரு விலை சொல்லுவார். "இருக்கட்டும்ண்ணே, அது என்னா சோறா கேக்குது?" என்பார் அப்பா. அதற்கு மேல் பேச்சு இல்லை.

2025 நவம்பருக்குப் பிறகு அந்த அன்டெனாவைப் பார்க்க மேல் லயத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். எங்கே வாங்கினது, எந்தப் பக்கம் திருப்பணும், பெட்டரியில் எப்படிக் கொடுக்கிறது என்று கேட்டார்கள். அப்பா அவர்களுக்குச் சொன்னதை எழுதி வைப்போம் என்றுதான் ஆரம்பித்தேன். எழுத எழுத வேறு விஷயங்களும் உள்ளே வந்துவிட்டன.

முதலில் மலையைப் பற்றிச் சொல்லணும். மலையைச் சொல்லாமல் எங்க ஊர் டீவியைச் சொல்ல முடியாது.

எங்கள் தோட்டம் பசறைப் பக்கம், நமுனுகுல மலையின் கிழக்குச் சரிவில் இருக்கிறது. ஒன்பது முடி என்று அந்தப் பெயருக்கு அர்த்தம் சொல்லுவார்கள். உயரம் 2036 மீட்டர். நாட்டிலேயே உயரமான மலை நுவரெலியாவில் இருக்கிற பிதுருதலாகல, 2524 மீட்டர். 1979ல் ஐ.டி.என். தொடங்கியபோது அது கொழும்பையும் சுற்றுவட்டாரத்தையும் தாண்டவில்லை. 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ஜப்பான் உதவியோடு ரூபவாஹினி வந்தது. நாடு முழுக்கத் தெரிவதற்காக அதன் பெரிய ஒலிபரப்புக் கோபுரத்தைப் பிதுருதலாகல உச்சியில் வைத்தார்கள். கோபுரத்துக்கும் எங்களுக்கும் நேர்கோடு போட்டால் 40 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் அந்தக் கோட்டை மறித்துக்கொண்டு நமுனுகுல நிற்கிறது.

ரேடியோவுக்கு இந்தத் தொல்லை இல்லை. மீடியம் வேவ் அலை நீளமானது, மேடு பள்ளத்தைத் தழுவிக்கொண்டு வந்துவிடும். அதனால்தான் எந்த மூலை லயத்திலும் இலங்கை வானொலி கேட்டது. டீவி அலை அப்படி இல்லை. அது கிட்டத்தட்ட வெளிச்சம் மாதிரி, நேராகத்தான் போகும், மலை குறுக்கே வந்தால் பின்பக்கம் நிழல் விழும். நாங்கள் நிழலில் இருக்கிற ஆட்கள். ஒரே தோட்டத்தில் மேல் டிவிசனுக்குப் படம் கண்ணாடி மாதிரி வரும், கீழ் டிவிசனுக்கு வெறும் புள்ளி மழை. மேல் டிவிசன்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லியே எங்கள் ஆட்களைக் கடுப்பேற்றினார்களாம்.

தாத்தா வேலையை விட்டபோது ஈ.பி.எஃப். காசு வந்தது. அதில் 1994ல் பதுளை டவுனில் ஒரு 14 இஞ்சி கறுப்பு வெள்ளை டீவி வாங்கினார். அப்போது லயத்துக்கு கரண்ட் இல்லை. ஃபெக்டரிக்கு இருந்தது, தொரை பங்களாவுக்கு இருந்தது, எங்களுக்குக் குப்பிலாம்புதான். ஆனால் அந்த டீவிக்குப் பின்னால் இரண்டு ஓட்டை இருக்கும். ஒன்று 230 வோல்ட் வயருக்கு, மற்றது 12 வோல்ட் பெட்டரிக்கு. கரண்ட் இல்லாத ஊர்களை நினைத்தே செய்த சாமான்.

அப்பாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயசு, ஃபெக்டரியில் வேலை. அன்டெனாவை மூங்கிலில் கட்டி முதல் நாள் பிதுருதலாகல இருக்கிற திசைக்கே திருப்பி வைத்திருக்கிறார். சத்தம் மட்டும் கரகரவென்று வந்தது, படம் இல்லை. இரண்டு நாள் இப்படியே போனது. மூன்றாவது நாள் காற்றில் மூங்கில் தானாகத் திரும்பி, அன்டெனா எதிர்ப்பக்கம், லுணுகலைப் பக்கத்து மலையைப் பார்த்து நின்றுவிட்டது. உள்ளேயிருந்து தாத்தா கத்தினாராம்: "தொடாத! தொடாத! அப்பிடியே வுடு!"

இதற்குக் காரணம் எனக்குப் பின்னால் தெரிந்தது. கோபுரத்திலிருந்து வருகிற அலை எங்கள் தலைக்கு மேலே போய், எதிர் மலையில் பட்டுத் திரும்பி, எங்கள் பள்ளத்துக்குள் விழுகிறது. கிணற்றடியில் கூப்பிட்ட குரல் எதிர்ச் சுவரில் பட்டு வருகிற மாதிரி. நேராக வருவதைவிட இந்தத் தெறிப்பு பலமாக இருந்தால், பொய்த் திசைதான் சரியான திசை. சில நாள் நேரே வருகிற மெல்லிய அலையும் தெறிப்பும் ஒன்றாக வந்து சேரும். அப்போது திரையில் ஒவ்வொரு ஆளுக்கும் பக்கத்தில் இன்னொரு ஆள் நிற்பார். அலை ஒரு வினாடியில் 3 லட்சம் கிலோமீட்டர் போகிறது, சரிதான். ஆனால் டீவியில் ஒரு கோடு வரைய ஆகிற நேரமோ வினாடியில் இருபதாயிரத்தில் ஒரு பங்குதான். அதனால் ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்றி வந்த படம் திரையில் பத்தில் ஒரு பங்கு தள்ளி விழும். அப்பாயி அதைப் 'பேய்ப் படம்' என்பார். இங்கிலீஷிலும் அதற்கு அதே பெயர்தான் என்று கெம்பசில் படிக்கும்போது அறிந்தேன். அப்பாயிக்குச் சொல்ல அப்போது அவர் இல்லை.

அடுத்தது பெட்டரி. கார் பெட்டரி ஒன்று, 60 ஆம்பியர் அவர், பழையது. டீவி இழுப்பது ஒன்றரை ஆம்பியர் அளவில். ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலம் பார்த்தால் பத்து நாள் தாக்குப்பிடிக்கும். அதற்குப் பிறகு 15 கிலோவைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்து, மூணு கட்டை இறங்கி, பஸ் ஏறி, பசறை டவுனில் சார்ஜுக்குக் கொடுக்கணும். ஒரு நாள் அங்கேயே கிடக்கும். மறுநாள் போய் எடுத்து வரணும். எசிட் சிந்தி அப்பாவின் சட்டை எல்லாவற்றிலும் தோள்பட்டையில் ஓட்டை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது போட்ட சட்டையிலும் ஒன்று இருந்ததாக அம்மா சொல்லுவார். அப்பா மறுப்பார்.

1996 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. லாகூரில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி. எங்கள் காம்பராவிலும் இஸ்தோப்பிலும் ஜன்னலுக்கு வெளியேயும் சேர்த்து எழுபது பேராவது இருந்திருப்பார்கள் என்பது அப்பாவின் கணக்கு. கதை சொல்லும்போது வருசா வருசம் ஐந்து பேர் கூடுவது வேறு விஷயம். முந்தின நாளே பெட்டரியைச் சார்ஜ் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ஆனால் பகலிலிருந்தே ஓடியதாலும் பெட்டரி வயசானதாலும், அவுஸ்திரேலியாவின் 241ஐ இலங்கை துரத்தத் தொடங்கிய நேரத்தில் அது இறங்க ஆரம்பித்துவிட்டது. பழைய குழாய் டீவியில் வோல்ட் குறைந்தால் படம் நான்கு பக்கத்திலிருந்தும் உள்ளே சுருங்கும். அரவிந்த டி சில்வா அடிக்க அடிக்க அவர் ஆடுகிற மைதானம் சின்னதாகிக்கொண்டே போனது. வெளிச்சத்தைக் குறைத்தார்கள், சத்தத்தைக் குறைத்தார்கள். அவர் ஆட்டமிழக்காமல் 107 எடுத்து, ஏழு விக்கெட்டில் இலங்கை வென்றபோது, படம் தபால் அட்டை அளவில் இருந்ததாம். "எழுவது பேரும் தபால் அட்டையத்தான் பாத்தோம்" என்பார் அப்பா. அந்த அணியில் முத்தையா முரளிதரன் இருந்தார். அவருடைய தாத்தா இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். எங்கள் தாத்தாவுக்கு அவரைத் திரையில் காட்டும்போதெல்லாம் தொண்டை கனைக்கும்.

லயத்துக்கு கரண்ட் 1998ல் வந்தது. அதே வருசம் சக்தி டிவியும் வந்தது. நான் அதற்கு முந்தின வருசம் பிறந்தவள். எனவே பெட்டரி டீவியை நான் அறியேன், அன்டெனாவைத்தான் அறிவேன். இந்த வரியைப் படிக்கிற மலையகத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அந்தப் பேச்சு மனப்பாடமாக இருக்கும்:

"வருதா?"

"இல்ல."

"இப்ப?"

"கொஞ்சம்... கொஞ்சம்... ஆ, வந்துருச்சு! ஐயோ போச்சு."

"இங்கிட்டா அங்கிட்டா?"

"நீங்க கையெடுத்ததும் போகுது. பிடிச்சுக்கிட்டே நில்லுங்க."

அப்பா கையை வைத்தால் படம் வரும், எடுத்தால் போகும். ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்கிற மனுசனும் அன்டெனாவில் ஒரு கம்பி மாதிரிதான். சனிக்கிழமை படத்தின் கிளைமாக்ஸை அப்பா பார்த்ததே இல்லை. கூரைப் பக்கம் நின்று கேட்டிருக்கிறார்.

அன்டெனா கொண்டுவந்ததில் பெரும்பகுதி சிங்களம். தமிழுக்கு ஒதுக்கிய நேரம் கொஞ்சம். செய்தி, வெள்ளிக்கிழமையில் ஏதாவது, தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒரு படம். ஒரு நாட்டின் டீவி நம்மை எவ்வளவு நேரம் நினைத்துக்கொள்கிறது என்பதை மணிக்கூட்டைப் பார்த்தே அளக்கலாம். ஆனால் அந்தச் சிங்கள நிகழ்ச்சிகளிலிருந்துதான் நானும் தம்பியும் சிங்களம் பழகினோம். இன்று கொழும்பில் என் வேலை அதில்தான் ஓடுகிறது. அப்பாவுக்குப் பேச வரும், வாசிக்க வராது. அவருக்குத் தெரிந்த சிங்கள எழுத்தெல்லாம் பஸ் போர்டில் படித்தது. பதுளை, பசறை, பண்டாரவளை, ஹாலி-எல, லுணுகலை, மடுல்சீமை. எழுத்துக் கூட்டியெல்லாம் இல்லை. ஒவ்வொரு ஊரையும் முழு உருவமாக, முகத்தை அடையாளம் பிடிக்கிற மாதிரி. இந்த விஷயத்தை மனதில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

பிறகு டிஷ் வந்தது. 2007க்குப் பிறகு ஒவ்வொரு கூரையாக ஏறியது. உள்ளூர் டிஷ் கொஞ்சம், இந்தியா டிஷ் நிறைய. பொருத்துகிற அண்ணன் அரை மணித்தியாலத்தில் வேலையை முடித்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். எங்கள் அப்பாவுக்கு அதுதான் தாங்கவில்லை. பதிமூன்று வருசமாகத் தான் மல்லுக்கட்டின மலையை அந்த ஆள் ஏறிட்டும் பார்க்கவில்லையே!

பார்க்கத் தேவையில்லைதான். டிஷ் ஏன் மலையகத்தை இப்படி அள்ளிக்கொண்டது என்பதற்கு எல்லோரும் சீரியலைக் காரணம் சொல்லுவார்கள். அது பாதிதான். மீதி, எங்கள் நில அமைப்பு. சற்றலைட்டுகள் பூமத்திய ரேகைக்கு மேலே 36 ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. இலங்கை அந்த ரேகைக்குப் பக்கத்து நாடு. அதனால் அவை நமக்கு ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேரே இருக்கின்றன. எந்தப் பள்ளத்தில் இருந்தாலும் அண்ணாந்து பார்த்தால் ஆகாயம் உண்டுதானே? பக்கவாட்டில் வருவதைத்தான் மலை மறைக்கும், மேலேயிருந்து விழுவதை மறைக்காது. இருபத்தைந்து வருசமாகப் படம் எட்டாத காம்பராவுக்கும் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான சேனல் வந்தது, அதுவும் முழுக்கத் தமிழில். அம்மாயி கையெடுத்துக் கும்பிட்டே விட்டார். அவரைக் குறை சொல்ல யாருக்கும் வாய் இல்லை. வாழ்நாள் பூராவும் விளங்காத பாஷையில் படம் பார்த்த மனுசி.

ஆனால் அந்தத் தமிழ் சென்னையிலிருந்து வந்தது. மெல்ல மெல்ல எங்கள் லயம் சென்னையின் ஒரு வார்ட் மாதிரி ஆகிவிட்டது. வேளச்சேரியில் தண்ணி நிற்கிறது என்று தெரியும், செம்பரம்பாக்கம் ஏரி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று தெரியும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தைப் பார்த்து எங்கள் லயத்தில் பெண்கள் அழுதார்கள். அதற்கு முந்தின வருசம், 2014 ஒக்டோபர் 29 காலையில், எங்கள் மாவட்டத்திலேயே கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அங்கே பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், வீட்டில் இருந்தவர்கள் புதைந்தார்கள். அந்தச் செய்தி எங்களுக்கு டீவியில் வரவில்லை. பண்டாரவளையில் இருக்கிற சித்தப்பா போன் பண்ணித்தான் தெரிந்தது. சென்னை சேனலில் வேறு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடத்தை விட்டு மாறச் சொல்லி முன்பே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது என்று பிறகு செய்திகளில் வந்தது. எங்கே மாறுவது, யார் காணி தருவது என்பது அந்த எச்சரிக்கையில் இருந்திருக்காது.

டிஷ்ஷுக்கு இன்னொரு குணமும் உண்டு. மழை பலத்தால் படம் கட்டங்கட்டமாக உடைந்து, பிறகு கறுத்துவிடும். 'சிக்னல் இல்லை' என்று ஒரு வரி மட்டும் நிற்கும். டிஷ்ஷுக்கு வருகிற அலையின் நீளம் இரண்டரை சென்ரிமீட்டர் அளவு. மழைத்துளிகள் அதை உறிஞ்சும், சிதறடிக்கும். அன்டெனாவுக்கு வருகிற அலை அரை மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு மேல் வரை இருக்கும். அதற்கு மழைத்துளி, யானைக் காலடியில் எறும்பு மாதிரி. எங்களுக்குப் பெருமழை நவம்பர், டிசம்பர், ஜனவரியில். மண் சரிகிற மாதங்களும் அவையே. அதாவது, எந்த இரவில் செய்தி பார்த்தே ஆகணுமோ, அந்த இரவில்தான் டிஷ் கண்ணை மூடும்.

இந்த விஷயங்களைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோது யூடியூபில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியின் வீடியோ கண்ணில் பட்டது. வீட்டையே வண்டியாக்கி ஊர் ஊராகப் போகிறவர்கள். அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம் வண்டிக்குள். இராத்திரி எங்கே நிறுத்துகிறார்களோ அங்கே கூரையில் இருக்கிற சின்ன அன்டெனாவைக் கைப்பிடியால் உயர்த்தி, மெல்லச் சுற்றி, எந்தக் கோபுரம் கிட்ட இருக்கிறது என்று தேடி, டீவியில் சேனலை மறுபடி ஸ்கேன் பண்ணி உள்ளூர்ச் செய்தி பார்க்கிறார்கள். டீவி 12 வோல்ட், வண்டி பெட்டரியில் ஓடுகிறது. காலையில் கிளம்பும்போது அன்டெனாவைப் படுக்க வைக்க மறந்தால் மரக்கிளையில் மாட்டி முறிந்துவிடும் என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொல்கிறார். ஏன் சற்றலைட் வைக்கவில்லை என்பதற்கு அவர் சொன்ன காரணம் எனக்குப் பிடித்தது. சூறாவளி வருகிறதா என்று இந்த ஊர் டீவிதான் சொல்லும், வேறு எதுவும் சொல்லாது என்றார்.

அப்பாவுக்குக் காட்டினேன். முழுக்கப் பார்த்துவிட்டு, "இது நம்ம வேல பாப்பா" என்றார். அம்மா வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டார். "அவுங்களுக்கு வண்டிய நகத்தலாம்." அது சரி. நாங்கள் இருக்கிற பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவும் கிட்டத்தட்ட வண்டி மாதிரிதான். தகரக் கூரை, எல்லாம் ஒரே அறைக்குள், கீழே இருக்கிற நிலம் நம்முடையது இல்லை. நகரத்தான் முடியாது.

2025 நவம்பர் கடைசி வாரம். டித்வா புயல். நான் கொழும்பில் இருந்தேன். 27ஆம் திகதி சாயங்காலம் வீட்டோடு கடைசியாகப் பேசினேன், பிறகு மூன்று நாள் எந்த நம்பரும் போகவில்லை. எங்கள் பக்கத்தில் ரோடு, கரண்ட், போன் மூன்றும் ஒன்றாக அறுந்து கிடந்தன. நாடு முழுக்க அறுநூறுக்கும் மேல் ஆட்களைக் கொண்டுபோன புயல் அது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவுதான் பெரிய எமன். மூன்று நாளும் நான் என்ன செய்தேன் என்பது இங்கே வேண்டாம். அங்கே நடந்ததை அப்பாவும் தம்பியும் பிறகு சொன்னபடி எழுதுகிறேன்.

27 மத்தியானத்திலிருந்தே டிஷ் இல்லை. இருந்தவரைக்கும் சென்னை சேனல்களில் டித்வா பற்றிய பேச்சுதான். ஆனால் அவர்கள் காட்டிய படத்தில் அம்புக்குறி தமிழ்நாட்டை நோக்கி இருந்தது, எந்த மாவட்டத்துக்கு ரெட் அலர்ட், எங்கே பள்ளி விடுமுறை என்பது ஓடியது. புயல் எங்கள் மேல் நின்றுகொண்டிருந்தது, செய்தி அது அங்கே எப்போது வரும் என்பதைப் பற்றி. அவர்கள் மேல் தப்பு இல்லை, அது அவர்களுடைய டீவி. பொழுது சாய்ந்ததும் கரண்ட் போனது.

அப்பா மாமாவின் ஆட்டோவை லயத்துக் கோடிவரைக்கும் தள்ளிக்கொண்டு வரச் சொன்னார். ஆட்டோ பெட்டரியும் 12 வோல்ட்தான். எங்களிடம் இருக்கிற சின்ன எல்.ஈ.டி. டீவியின் அடெப்டரில் 12 வோல்ட், 3 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். அடெப்டர் வயரை வெட்டி, நடுவில் ஒரு ஃபியூஸ் வைத்து, பெட்டரியில் கொடுத்தார். டிஷ் பெட்டியைக் கழற்றிவிட்டு அன்டெனா வயரைச் சொருகினார். புள்ளி மழை, பேய்ப் படம், ஆனால் படம். சிங்களச் செய்தி. வாசிக்கிறவர் வேகமாக வாசித்ததில் பாதி அப்பாவுக்கு விளங்கவில்லை. தம்பி அப்போது கீழே தண்ணிக் கானை வெட்டிவிடப் போயிருந்தான். திரையின் அடியில் மண்சரிவு எச்சரிக்கைப் பட்டியல் ஓடியது, பிரதேச செயலகப் பிரிவுகளின் பெயர்கள், சிங்களத்தில்.

அப்பா பஸ் போர்டைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார். முகம் முகமாகப் போயின. பதுளை போனது. ஹாலி-எல போனது. பசறை வந்தது. சந்தேகத்துக்கு இன்னொரு சுற்று காத்திருந்தார். மறுபடியும் பசறை, சிவப்பு நிறத்தில்.

பன்னிரண்டு காம்பராவையும் தட்டினார். சிலர் வரமாட்டோம் என்றார்கள். மாட்டை விட்டு எப்படி, அரிசி நனையுமே, இதுக்கு முன்ன எத்தனை மழையைப் பார்த்தோம். மூன்றாவது காம்பரா மாமியை அப்பா திட்டியே கூட்டிப்போனாராம். ரோட்டுக்கு மேலே இருக்கிற பள்ளிக்கூடத்தில் நான்கு இராத்திரி. லயம் விழவில்லை. பின்பக்கம் கொழுந்து மலையில் ஒரு வெடிப்பு, ஒரு ஆள் கால் உள்ளே போகிற அகலத்தில், இருபது அடி நீளத்துக்கு விழுந்திருக்கிறது. இதை எழுதும்போதும் அந்த வெடிப்பு இருக்கிறது, அதற்குக் கீழே லயம் இருக்கிறது, லயத்துக்குள் திரும்பவும் ஆட்கள் இருக்கிறார்கள்.

இனி, வந்து கேட்டவர்களுக்கு அப்பா சொன்னது. அன்டெனாவில் நீளக் கம்பியும் குட்டைக் கம்பியும் கலந்தது வாங்குங்கள். இரண்டு அடி, மூன்று அடிக் கம்பிகள் வி.எச்.எஃப். சேனலுக்கு, ஒரு அடிக்குக் குறைந்தவை யூ.எச்.எஃப்.புக்கு. நம் பக்கத்துக்கு இரண்டும் வேணும். தகரக் கூரைக்கு உள்ளே வைத்துப் பிரயோசனம் இல்லை, தகரம் அலையை மறித்துவிடும், கூரைக்கு மேலே போகணும். முதலில் கோபுரத் திசைக்குத் திருப்புங்கள். வராவிட்டால் எதிர் மலைக்குத் திருப்புங்கள். அதற்கும் வராவிட்டால் நான்கு அடி தள்ளி நட்டுப் பாருங்கள், பள்ளத்துக்குள் நான்கு அடி ஒரு உலகம். அப்பா காலத்தில் பிதுருதலாகல ஒன்றுதான் கதி. பிறகு வேறு மலைகளிலும் ரிலே வைத்திருக்கிறார்கள், அதனால் ஒவ்வொரு சேனலுக்கும் ஒவ்வொரு திசை நல்லதாக இருக்கலாம். அவசரத்துக்குச் செய்தி வருகிற ஒன்றைப் பிடித்துக்கொண்டு மூங்கிலில் பெயின்டால் கோடு போட்டு வையுங்கள். இடி முழங்கினால் வயரைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போடுங்கள், மலை உச்சியில் நிற்கிற அலுமினியக் கம்பிக்கு மின்னல் சொந்தக்காரன்.

பெட்டரிக்கு: அடெப்டரில் 12 வோல்ட் என்று இருந்தால் மட்டும் நேரே கொடுக்கலாம், 19 என்று இருந்தால் கொடுக்காதீர்கள். சிவப்பு, கறுப்பு மாறக்கூடாது. ஃபியூஸ் இல்லாமல் வேண்டவே வேண்டாம். சின்ன டீவி இரண்டு ஆம்பியர்தான் எடுக்கும், நல்ல ஆட்டோ பெட்டரி ஒரு இராத்திரிக்குக் காணும். ஆனால் முழுக்க இறக்கிவிட்டால் காலையில் ஆட்டோ ஸ்டார்ட் ஆகாது. ஆஸ்பத்திரிக்கு யாரையாவது கொண்டுபோக அந்த ஆட்டோ வேணும். மணிக்கு ஒரு தடவை, செய்தி நேரத்தில் பத்து நிமிசம் போட்டால் போதும். சீரியல் பார்க்காதீங்க என்று அப்பா தனியாகச் சொன்னார். மேல் லயத்து அக்கா ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இதோடு மழையை அளக்கவும் ஒரு வழி இருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கில் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் தயார், 150 என்றால் வெளியேறணும். ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேறணும். நேரான சுவருள்ள பால்மா டின் ஒன்றை வெட்டவெளியில் வைத்து ஸ்கேலால் அளந்தால் தோராயமாகத் தெரியும். டீவியே வராவிட்டாலும் டின் இருக்கும்.

எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. இந்த நாட்டுக்கு டிஜிட்டல் டீவி வரப்போகிறது, ஜப்பானின் ஐ.எஸ்.டி.பி.-டி முறை என்று முடிவாகிப் பத்து வருசம் தாண்டிவிட்டது, இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. வந்தால் பேய்ப் படம் இருக்காது. ஆனால் எங்கள் மாதிரி நிழல் பிரதேசத்தில் படம் ஒன்று முழுசாக வரும், இல்லை முழுசாகவே வராது. புள்ளி மழைக்குள் பசறையைத் தேடிப் பிடிக்கிற வசதி அதில் கிடையாது. அதே முறையில் பேரிடர் எச்சரிக்கையைத் தனியாக அனுப்புகிற வசதி உண்டு. ஜப்பானில் நிலநடுக்கத்துக்கும் சுனாமிக்கும் பயன்படுத்துகிறார்கள். அந்த எச்சரிக்கை எந்தப் பாஷையில் வரும்? பதுளை மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. பதினைந்து பெயரைத் தமிழிலும் ஓட விடுவதற்கு டிஜிட்டல் வரும்வரை காத்திருக்கவேண்டிய தேவை எனக்கு விளங்கவில்லை. இன்றைக்கு இருக்கிற திரையிலும் அதற்கு இடம் இருக்கிறது.

அதுவரைக்கும் எங்கள் வீட்டு டீவிக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஜனவரியில் லீவில் போனபோது நான் எழுதியது. இடது பக்கம் பதினைந்து பெயரும் சிங்களத்தில், பெரிசாக. வலது பக்கம் தமிழில். அப்பா பார்த்துவிட்டு, மகியங்கனையும் மீகஹகிவுலவும் மட்டும்தான் தனக்குப் புதுசு, மற்றதெல்லாம் தெரிந்த முகம் என்றார். மூன்றாவது காம்பரா மாமி தனக்கும் ஒன்று வேணும் என்கிறார். மேல் லயத்தில் ஒன்பது பேர் கேட்டிருக்கிறார்கள். தம்பி பசறை டவுனுக்குப் போகும்போது போட்டோகொப்பி எடுத்து வரணும்.